வாண்டுங்க தானே டிரெஸ் போட பழக்குறது: கடைசி இழுப்ப அவங்க கையில விடுங்க

ப்ளே ஸ்கூல்ல வேலை பாக்குறேன், ஜூன் மாசம் வந்தா அம்மாக்கள் எங்கிட்ட முதல்ல கேக்குறது ஏபிசிடி பத்தி இல்ல, "மிஸ், இவன் டவுசர தானே ஏத்திக்கணுமா, இல்ல ஆயாம்மா ஏத்தி விடுவாங்களா" அதான். ஏத்தி விடுவாங்க, அதெல்லாம் ஒண்ணும் கவலை இல்ல. ஆனா அஞ்சாறு வாண்டுங்க ஒரே நேரத்துல டவுசர கணுக்கால்ல வச்சிக்கிட்டு ஆயாம்மா ஆயாம்மான்னு கத்துனா அவங்களுக்கும் இருக்கறது ரெண்டு கை தான. அதனால ரெண்டு வயசுலேந்து நாலு நாலரை வயசு வரைக்கும் வீட்ல இத எப்டி பழக்கலாம்னு நான் பசங்களோட கிடந்து பாத்த வரைக்கும் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எந்த வயசுல எத எதிர்பாக்கலாம்னு தெரிஞ்சிக்கணும், இல்லன்னா ரெண்டு வயசு பிள்ளைகிட்ட சட்டை பட்டன் போடுன்னு சொல்லிட்டு நாமளும் டென்ஷன் ஆவோம் அதுவும் அழும். ஒரு வயசு வாக்குல சட்டை மாட்டுறப்ப கைய நீட்டிக் குடுக்கும். ஒன்றரை வயசுல சாக்ஸ பிடுங்கி எறியும், தொப்பிய கழட்டி வீசும், நாம அத சேட்டைன்னு திட்டுவோம், ஆனா உண்மையில அதான் ஆரம்பம், கழட்டத் தெரிஞ்சப்பறம் தான் போடத் தெரியும். அமெரிக்காவுல சிடிசின்னு ஒரு அரசு சுகாதார அமைப்பு இருக்கே அவங்க 2022ல குழந்தை வளர்ச்சிப் பட்டியல திருத்திப் போட்டாங்க, நாலுல மூணு குழந்தையாவது அந்த வயசுல செய்யக்கூடியத மட்டும் வச்சு போட்ட பட்டியல் அது. அதுல ரெண்டரை வயசுக்கு லூசான பேன்ட், பட்டன் போடாத ஜாக்கெட் மாதிரி சிலத தானே கழட்டும்னு இருக்கு. மூணு வயசுல அதே மாதிரி லூசானத தானே போட்டுக்கும். நாலு வயசுல சில பட்டன கழட்டும். நல்லா கவனிங்க, நாலு வயசுக்கே பட்டன கழட்டும்னு தான் போட்டிருக்கு, மாட்டும்னு போடல. ஷூ லேஸ் கட்டுறதெல்லாம் அஞ்சு ஆறு வயசுக்கு மேல, இப்ப அத மறந்துடுங்க.

இன்னொரு விஷயம், பிள்ளைக்கு வரலன்னு நாம நெனைக்கறதுல பாதி துணியோட தப்பு. முதுகுல ஜிப் வச்ச கவுன், இறுக்கமான ஜீன்ஸ், கழுத்து சின்னதா இருக்கற டிஷர்ட், இதையெல்லாம் வாங்கி வச்சிட்டு குழந்தைக்கு கத்துக்க ஆர்வம் இல்லன்னு சொல்றது நியாயமே இல்ல. பழக்குற காலத்துக்கு மட்டும் தனியா நாலஞ்சு செட் ஒதுக்கிடுங்க. இடுப்புக்கு எலாஸ்டிக் டவுசர், எலாஸ்டிக்குள்ள உங்க ரெண்டு விரல் ஈசியா போகணும். மேலுக்கு கழுத்து நல்லா விரியற பனியன் துணி, இல்லன்னா தோள்ல ப்ரெஸ் பட்டன் வச்சது. இதுக்கு காசு நெறைய செலவழிக்க வேணாம், திருப்பூர் பக்கம் போறவங்க யாராச்சும் இருந்தா காதர்பேட்டைல எக்ஸ்போர்ட்ல மிஞ்சினது வாங்கி வரச் சொல்லுங்க, துணி சாஃப்டா இருக்கும், ரிப் கழுத்து நல்லா விரியும். ஆனா வளர்ற பிள்ளை தானன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க, கால் நீளமா இருந்தா அது மேலயே மிதிச்சிக்கிட்டு நிக்கும், இழுத்தா மேல வராது, பிள்ளைக்கு ஏன் வரலன்னே புரியாது. ஒரு சைஸ் பெருசு போதும்.

தொப்பி வச்ச ஜாக்கெட்டோட கழுத்துல கயிறு தொங்குச்சுன்னா முதல்ல உருவிப் போடுங்க. சறுக்கு மரத்துலயோ கதவுலயோ மாட்டினா கழுத்த இறுக்கிடும். அமெரிக்காவுல சின்னப் பசங்க டிரெஸ்ல கழுத்துக் கயிறு வேணாம்னு 1996லயே வழிகாட்டுதல் போட்டுட்டாங்க, நம்ம கடையில இன்னமும் அழகுக்கு தொங்கிக்கிட்டு தான் இருக்கு. அதே மாதிரி ஊக்கு. பாவாடை லூசா இருக்குன்னு ஊக்கு குத்தி அனுப்புறவங்க இருக்கீங்க, தானே கழட்டிப் போட பழகுற பிள்ளைக்கு ஊக்கு வேணவே வேணாம்.

அடுத்து இடம். நம்ம வீட்ல துணி எல்லாம் பீரோல தான இருக்கும், அந்தக் கதவ பிள்ளைய தொறக்க விடவே கூடாது, இழுத்து ஏறுனா பீரோ மேல சாயும். அதுக்கு பதிலா கீழ ஒரு பிளாஸ்டிக் கூடை வைங்க, அதுல அன்னைக்கு போடுறதுக்கு ரெண்டே ரெண்டு செட். "எது வேணும், யானை போட்டதா, கோடு போட்டதா?" அவ்ளோ தான் சாய்ஸ். மொத்த துணியையும் காட்டி எது வேணும்னு கேட்டா பட்டுப்பாவாடைய எடுத்துக்கிட்டு நிக்கும், அப்பறம் ஒரு மணி நேரம் அழுகை. உக்கார ஒரு குட்டி ஸ்டூல் போடுங்க, கால் தரையில முழுசா படணும். பெரியவங்க நாம நின்னுக்கிட்டே ஒத்தக் கால்ல பேன்ட் போடுவோம், மூணு வயசு பிள்ளைக்கு ஒத்தக் கால்ல நிக்கறதே பெரிய வேலை, அதுல இன்னொரு கால ஓட்டைக்குள்ள விடுன்னா எப்டி.

நேரமும் முக்கியம். காலைல வேன் ஹாரன் அடிக்கறப்ப பாடம் எடுக்காதீங்க. குளிச்ச உடனேயும் வேணாம், சென்னை மாதிரி ஊர்ல உடம்பு ஈரமாவே இருக்கும், பனியன் முதுகுல ஒட்டிக்கிட்டு பாதியில சுருண்டு நிக்கும், நமக்கே இழுக்க வராது. ஸ்கூல் விட்டு வந்து டிரெஸ் மாத்துற சாயங்கால நேரம் தான் சரி. இல்லன்னா குளிச்சிட்டு நல்லா தொடச்சு ஃபேன் கீழ கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு, அப்பறமா.

சரி, இப்ப கடைசி இழுப்பு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுங்க, அதாவது அன்றாட வேலைய தானே செய்ய பயிற்சி குடுக்கறவங்க, இத பேக்வர்ட் செய்னிங்னு சொல்வாங்க. வழக்கமா நாம என்ன பண்றோம், முதல் வேலைய பிள்ளைகிட்ட குடுக்கறோம், "இந்தா கால விடு"ன்னு, அது ரெண்டு தடவ தப்பா விடும், அப்பறம் நாம பிடுங்கி போட்டு முடிச்சிடுவோம். அதாவது முடிக்கறது எப்பவுமே நாம. பிள்ளைக்கு அதுல என்ன சந்தோஷம் இருக்கு? அத அப்டியே தலைகீழா மாத்துங்க. முக்காவாசி நீங்க செய்ங்க, கடைசி துண்டு மட்டும் பிள்ளை. டவுசர்னா ரெண்டு காலையும் நீங்களே நுழைச்சு, முட்டி தாண்டி, தொடை தாண்டி இடுப்புக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் கொண்டு வந்து நிறுத்திடுங்க. "புடி. இழு." அவ்ளோ தான் பேச்சு. அது ஒரே இழுப்புல மேல வந்துடும், முகத்த பாக்கணுமே அப்ப, ஏதோ கோட்டைய புடிச்ச மாதிரி நிக்கும். சில நாள் இதையே செய்ங்க. சலிப்பில்லாம தானே இழுக்க ஆரம்பிச்சதும் தொடைல நிறுத்துங்க. அப்பறம் முட்டில. அப்பறம் கணுக்கால்ல. கடைசியா தான் கால நுழைக்கறது. எந்த நாள்ல நிறுத்தினாலும் முடிச்சது பிள்ளையா தான் இருக்கும்.

இதுல ஒரு இடம் இருக்கு, எல்லா பிள்ளையும் அங்க சிக்கும். முன்பக்கம் மட்டும் ரெண்டு கையால புடிச்சு இழுக்கும், முன்னாடி தொப்புள் வரைக்கும் வந்துடும், பின்னாடி புட்டத்துக்கு கீழயே நிக்கும். ரெண்டு கையையும் முன்னாடியே வச்சிக்கிட்டு இன்னும் வேகமா இழுக்கும், அழும். நீங்க பின்னாடி உக்காந்து அது கையப் புடிச்சு ஒரு கைய முன்னாடி, ஒரு கைய பின்னாடி வச்சு, கட்டைவிரல எலாஸ்டிக்குக்கு உள்ள விட்டு காட்டுங்க. கட்டைவிரல் உள்ள போறது தான் சூட்சுமம், வெளில கிள்ளிப் புடிச்சா துணி நழுவிடும். எதிர்ல உக்காந்து சொல்லிக் குடுக்காதீங்க, எப்பவும் பின்னாடியோ பக்கத்துலயோ உக்காருங்க, அப்ப தான் உங்க கையும் பிள்ளை கையும் ஒரே பக்கமா போகும்.

நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னே ரெண்டு தடங்கல் உண்டு. ஒண்ணு அரைஞாண் கயிறு. ஜட்டி எலாஸ்டிக் அதுல மாட்டி மேலயும் போகாது கீழயும் வராது, முக்கியமா வெள்ளி மணி கோத்து கட்டியிருந்தா பனியன் துணி நூல அது பிச்சு இழுத்துடும். கயிற முதல்ல வயித்துப் பக்கம் மேல ஏத்திட்டு அப்பறம் ஜட்டிய இழுன்னு பழக்கணும், இல்ல நூலு மட்டும் கட்டி விடுங்க. இன்னொண்ணு கொலுசு. லெக்கின்ஸ் போடுறப்ப திருகாணி மாட்டிக்கும், பொண்ணு அழும், லெக்கின்ஸும் கிழியும். பழகுற வரைக்கும் லெக்கின்ஸ்க்கு பதிலா கால் அகலமான பைஜாமா மாதிரி குடுங்க, பாட்டி கொலுச கழட்ட விடமாட்டாங்க, அந்தச் சண்டையே வேணாம்.

ஜட்டி முன்ன பின்ன மாறுறது தெரிஞ்ச கதை தான். மூணு ஓட்டை இருக்கு, எதுல எந்தக் கால்னு பிள்ளைக்கு எப்டி தெரியும். கடையில குத்தியிருக்கற லேபிள நம்பாதீங்க, சிலதுல பொம்ம முன்னாடி, சிலதுல பின்னாடி, சிலதுல லேபிளே இல்ல. ஊசில செகப்பு நூல் கோத்து எல்லா துணியோட உள்பக்கம், பின்னாடி, இடுப்புக்கிட்டயும் கழுத்துக்கிட்டயும் ஒரு பெரிய தையல் போட்டு விடுங்க. "செகப்பு முதுகுப் பக்கம்." ஜட்டி, டவுசர், பனியன், ஃப்ராக் எல்லாத்துக்கும் ஒரே சட்டம். தையல் உள்ள தெரிஞ்சா சரி, வெளில தெரிஞ்சா உள்வெளியா இருக்குன்னும் அதுலயே கண்டுபிடிச்சிடலாம். இதுக்கு மேலயும் மாத்திப் போட்டுட்டு வந்தா வீட்ல விட்டுடுங்க. பின்பக்கம் முன்னாடி வந்தா உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழாது, போட்டு முடிச்சத கழட்டி நீங்க திரும்பப் போட்டு விட்டீங்கன்னா நாளைக்கு அது தொடவே தொடாது.

டிஷர்ட் தான் கொஞ்சம் பயம் காட்டுற சமாச்சாரம். துணி முகத்த மூடுற அந்த ரெண்டு செகண்ட் சில பிள்ளைங்களுக்கு ஆகவே ஆகாது. எங்க கிளாஸ்ல ஒரு குட்டி இருக்கு, தலைய நுழைக்கும், மூக்கு கழுத்துப் பட்டைல இடிச்சதும் அப்டியே ஸ்டாப், உள்ள இருந்து மூச்சு சத்தம் மட்டும் கேக்கும், ரெண்டு கையும் ரெக்க மாதிரி வெளில விரிஞ்சு நிக்கும். அப்ப நான் வெளில இருந்து இழுக்க மாட்டேன். "காணோமே, பாப்பாவக் காணோமே"ன்னு தேடுவேன். கொஞ்ச நேரத்துல நெத்தி முட்டி, முடி எல்லாம் கலைஞ்சு, மூக்கு செவந்து வெளில வந்து "இதோ"ங்கும். ஒரு தடவ அப்டி தானே வெளில வந்துட்டா அடுத்த தடவ பயம் பாதி போயிடும்.

செய்முறை என்னன்னா, பாயிலயோ கட்டில்லயோ டிஷர்ட்ட பொம்மை கீழ பாக்குற மாதிரி குப்புறப் போடுங்க, கீழ் ஓரம் பிள்ளை பக்கம், கழுத்து தூரமா. பிள்ளை ரெண்டு கையாலயும் ஓரத்த தூக்கி உள்ள புகுந்தா பொம்மை தானா முன்பக்கம் வந்துடும். முதல்ல தலை, அப்பறம் கை. இதுலயும் கடைசி இழுப்பு தான், ஆரம்பத்துல தலை, ரெண்டு கை எல்லாம் நீங்க போட்டு விட்டு நெஞ்சுகிட்ட சுருட்டி விட்டுடுங்க, வயித்து மேல இழுத்து விடுறது மட்டும் அது. அடுத்து ஒரு கைய விட்டு வைங்க. கை வெளில வர வழி தெரியலன்னா நீங்க வெளில இருந்து கை ஓட்டைக்குள்ள உங்க கைய விட்டு "கை குடு"ன்னு கேளுங்க, ஷேக் ஹாண்ட் பண்ணிக்கிட்டே வெளில வந்துடும். முழுக்கை சட்டைன்னா விரல மூடிக்கச் சொல்லுங்க, விரிச்ச விரல் துணில மாட்டும்.

கழட்டுறப்ப பெரியவங்க மாதிரி கைய குறுக்க போட்டு தலைக்கு மேல தூக்கறது பிள்ளைங்களுக்கு கஷ்டம். ஒரு முழங்கைய உள்ள மடக்கி வெளில எடுக்கணும், அப்பறம் இன்னொரு முழங்கை, கடைசில கழுத்து. ஈர டிஷர்ட்ட கழட்டச் சொல்லாதீங்க, மழைல நனைஞ்சு வந்த அன்னைக்கு நீங்களே கழட்டி விட்டுடுங்க.

முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர், ஜாக்கெட்டுக்கு ஒரு வித்தை இருக்கு, மாண்டிசோரி ஸ்கூல்ல எல்லாம் செய்வாங்க. ஜாக்கெட்ட தரையில மல்லாக்க விரிச்சு, கழுத்துப் பக்கம் பிள்ளையோட காலுகிட்ட வர்ற மாதிரி வைங்க, தலைகீழா. பிள்ளை குனிஞ்சு ரெண்டு கையையும் உள்ள விட்டு அப்டியே தலைக்கு மேல பின்னாடி தூக்கிப் போட்டா ஜாக்கெட் முதுகுல போய் உக்காந்துடும். சென்னைல இதுக்கு வேலை கம்மி, ஊட்டி கொடைக்கானல் போறப்ப மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வெளிநாட்ல குளிர்ல இருக்கறவங்களுக்கு தினமும் உதவும்.

மாண்டிசோரின்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. அந்த முறைய உருவாக்குன அம்மா மரியா மாண்டிசோரி 1939ல நம்ம அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு டீச்சருங்களுக்கு பயிற்சி குடுக்க வந்தாங்க, ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்தது, இத்தாலிக்காரங்கன்னு இங்கயே மாட்டிக்கிட்டாங்க, 1946ல தான் திரும்ப முடிஞ்சது. அவங்க செஞ்ச சாமான்ல எனக்கு ரொம்ப புடிச்சது டிரெஸ்ஸிங் ஃப்ரேம். ஒரு மரச்சட்டம், அதுல ரெண்டு துணி, நடுவுல ஒண்ணுல பெரிய பட்டன், ஒண்ணுல ஹூக், ஒண்ணுல நாடா முடிச்சுன்னு இருக்கும். பிள்ளை உடம்பு மேல இல்லாம எதிர்ல வச்சு பழகும். விஷயம் அதான், பட்டன உடம்பு மேல பழக்காதீங்க. கழுத்துப் பட்டன் பிள்ளை கண்ணுக்கே தெரியாது, தெரியாதத எப்டி போடும்.

ஃப்ரேம் வாங்கணும்னு இல்ல. அப்பாவோட பழைய சட்டைய தலகாணிக்கு மாட்டி விட்டுட்டு பிள்ளை முன்னாடி வைங்க. இன்னும் சின்னப் பிள்ளைன்னா டப்பா மூடில கீறல் போட்டு உண்டியல் மாதிரி பெரிய பட்டனயோ காசையோ உள்ள தள்ளச் சொல்லுங்க, விரல் நுனில ஒரு தட்டைய புடிச்சு ஓட்டைல நிமித்தி விடுறதுன்ற வேலை அதுலயே வந்துடும். பக்கத்துலயே இருங்க, வாயில போட்டுக்கும், அத விளையாடுற டப்பாவா விட்டுட்டு சமையல்கட்டுக்கு போயிடாதீங்க.

பட்டன்லயும் பின்னாடிலேந்து தான். நீங்க பட்டன காஜால பாதி நுழைச்சு விட்டுடுங்க, விளிம்பு மட்டும் எட்டிப் பாக்கணும், பிள்ளை அத புடிச்சு வெளில இழுக்கும். அடுத்து தள்ளுறது. ஒரு கை பட்டன தள்ளும், இன்னொரு கை காஜா ஓரத்த புடிச்சு எதிர்பக்கம் இழுக்கணும், இது தான் பிள்ளைங்களுக்கு புரியறதே இல்ல. ஒரு கைய மட்டும் வச்சு குத்திக்கிட்டே இருக்கும், நாக்கு வெளில வரும், பட்டன் துணியையே முட்டிக்கிட்டு நிக்கும். "இந்தக் கை தள்ளு, அந்தக் கை இழு"ன்னு காட்டுங்க. கீழ் பட்டன்லேந்து மேல போங்க, அது கண்ணுக்குத் தெரியும், ஏத்த இறக்கமா மாறிப் போறதும் கம்மி.

புது யூனிஃபார்ம்ல காஜா ரொம்ப இறுக்கமா மொடமொடன்னு இருக்கும், ரெண்டு மூணு தடவ துவைச்சு கஞ்சி போனப்பறம் பழக்குங்க. பட்டன துணியோட ஒட்ட தைச்சிருந்தா நாமளே நகத்தால நோண்டித் தான் போடுவோம், அத வெட்டிட்டு கொஞ்சம் நூல் விட்டு, பட்டனுக்கு அடில நூலச் சுத்தி கழுத்து மாதிரி வச்சு திரும்பத் தைங்க, இல்ல டெய்லர்கிட்ட சொல்லுங்க, பெரிய வித்தியாசம் தெரியும். ஜிப்புக்கு அந்த இரும்பு நாக்குல ஒரு சாவி வளையம் மாட்டி விடுங்க, புடிச்சு இழுக்க ஈசி. ஆம்பளப் பசங்களுக்கு ஜிப் வச்ச டவுசர் இப்ப வேணவே வேணாம், ஜட்டி இல்லாம ஜிப் ஏத்தி தோல் மாட்டுச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தான் ஓடணும்.

பொண்ணுங்க துணி தான் ஏன் இப்டி தைக்கறாங்கன்னு எனக்கு கோவமே வரும். பையன் துணில எலாஸ்டிக், முன்பக்கம் பட்டன், எல்லாம் ஈசி. பொண்ணுக்கு முதுகுல ஜிப், முதுகுல நாடா, முதுகுல ஹூக், அதுக்கு மேல ஒரு பெரிய ரிப்பன் முடிச்சு. மூணு வயசு பொண்ணால அது முடியவே முடியாது, பையன் சீக்கிரம் கத்துக்கிட்டான் பொண்ணு லேட்டுன்னு சொல்லாதீங்க, துணிய பாருங்க. தைக்கக் குடுத்தா முன்பக்கம் திறப்பு வைக்கச் சொல்லுங்க. பாவாடைன்னா நாடாவுக்கு பதிலா எலாஸ்டிக். பட்டுப்பாவாடை மட்டும் விதிவிலக்கு, கல்யாணத்துக்கு கிளம்புறப்ப பாடம் எடுக்காம நீங்களே போட்டு விட்டு கூட்டிட்டுப் போங்க. பசங்களுக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி வந்தது பெரிய புண்ணியம், பொங்கலுக்கு ஒரு தடவ காட்டிக் குடுத்தா தானே கட்டிக்கும், ஆனா அந்த பர்ர்ருன்னு பிரியற சத்தத்துக்காகவே நாள் பூரா கழட்டி கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கும்.

சாக்ஸ் சுலபம், குதிகால் வரைக்கும் நீங்க, மேல இழுக்கறது அது. ஷூ வெல்க்ரோ தான். வலது இடது மாறுறதுக்கு ஒரு ஸ்டிக்கர பாதியா வெட்டி ஒரு ஷூ உள்ள இந்தப் பாதி, இன்னொரு ஷூ உள்ள அந்தப் பாதின்னு உள்ஓரத்துல ஒட்டுங்க, பக்கத்துல வச்சா பொம்மை முழுசா சேரணும். இல்லன்னா நாலு வயசு வரைக்கும் மாறித் தான் போகும்.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வரேன், அது பிள்ளை இல்ல, வீட்டுப் பெரியவங்க. அம்மா மெதுவா பழக்கிக்கிட்டு இருப்பா, பாட்டி வந்து "பச்சப் புள்ளய போட்டு ஏன் படுத்துற, குடு இங்க"ன்னு ரெண்டு செகண்ட்ல போட்டு விட்டுடுவாங்க. பாசத்துல செய்றது, சண்டை போட்டா வேலைக்கு ஆகாது. "அத்தை, நீங்களே போட்டு விடுங்க, கடைசில மேல இழுக்கறத மட்டும் அவனுக்கு விட்டுடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. வேலைய பிடுங்காம பங்கு குடுத்தா பெரும்பாலும் ஒத்துப்பாங்க. "என் தங்கம் தானே போட்டுச்சா"ன்னு பாட்டி ஒரு தடவ சொன்னா நீங்க நூறு தடவ சொன்னதுக்கு சமம். வீட்ல எல்லாரும் ஒரே வார்த்தைய சொல்லணும், அம்மா புடி இழுன்னும் அப்பா தூக்கு ஏத்துன்னும் சொன்னா பிள்ளை குழம்பிடும்.

தானே போடத் தெரிஞ்ச பிள்ளை திடீர்னு ஒரு நாள் "நீ போட்டு வுடு"ன்னு படுத்துக்கும். தம்பி பாப்பா பொறந்திருக்கும், காய்ச்சல் வந்து எழுந்திருக்கும், இல்ல சும்மா மடி வேணும். போட்டு விட்டுடுங்க. கத்துக்கிட்டது எங்கயும் ஓடிடாது. பக்கத்து வீட்டு தர்ஷன் எப்டி போடுறான் பாருன்னு மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க. பாராட்டுறப்பவும் சும்மா சூப்பர் சூப்பர்னு சொல்லாம "பின்னாடியும் இழுத்து விட்டுட்டியே"ன்னு செஞ்சத சொல்லுங்க, அடுத்த தடவ அதையே ஞாபகம் வச்சு செய்யும். எடது கையால செய்ற பிள்ளைய சோத்துக் கைக்கு மாத்தாதீங்க, அது எடது கையிலயே பட்டன் போடட்டும், நீங்க சொல்லிக் குடுக்கறப்ப மட்டும் கைய மாத்திக் காட்டுங்க.

இதோட சேத்து ஒரு பழக்கம், விருந்தாளிங்க இருக்கற ஹால்ல வச்சு டிரெஸ் மாத்தாதீங்க, ரெண்டு வயசா இருந்தாலும் ரூமுக்கு கூட்டிட்டுப் போங்க, யார் யாரு டிரெஸ் மாத்த உதவலாம்னு பேர் சொல்லியே சொல்லிக் குடுங்க. தானே போடத் தெரிஞ்ச பிள்ளைக்கு "வேணாம், நானே போட்டுக்கறேன்"னு மத்தவங்ககிட்ட சொல்ல வாய் வரும்.

எப்ப டாக்டர பாக்கணும்னும் கேக்குறாங்க. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வேகம், அதனால ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்ன பின்ன ஆகறது பெருசு இல்ல. ஆனா மூணு வயசு தாண்டியும் லூசான டவுசர கூட கழட்ட முயற்சியே பண்ணல, ஒரு கைய மட்டுமே உபயோகிக்குது, முன்ன வந்தது இப்ப வரல, இந்த மாதிரின்னா குழந்தை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இன்னும் சில பிள்ளைங்களுக்கு கழுத்து லேபிள், சாக்ஸ் நுனியில வர்ற தையல், சரிகை இதெல்லாம் பட்டாலே உடம்பு பூரா முள்ளு குத்துற மாதிரி அழுகை வரும், அது அடம் இல்ல. லேபிள ஒட்ட வெட்டுங்க, சாக்ஸ உள்வெளியா போட்டுப் பாருங்க, பனியன் துணியே போடுங்க. அதுக்கும் அடங்காம எந்தத் துணி போட்டாலும் தினமும் போராட்டம்னா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்ட பாக்கறது நல்லது.

எல்கேஜி சேக்குறவங்க யூனிஃபார்ம மே மாசமே வாங்கி வச்சிடுங்க, முதல் நாள் காலைல தான் டப்பாவ பிரிக்கறதுன்னு வச்சிக்காதீங்க. துவைச்சு, செகப்பு நூல் போட்டு, சாயங்காலம் விளையாட்டா ஸ்கூல் ஸ்கூல்னு சொல்லிப் போடப் பழக்குங்க. டவுசர் இல்ல ஸ்கர்ட், சாக்ஸ், ஷூ இந்த மூணும் தானே வந்தா போதும், எலாஸ்டிக் டைய தலை வழியா மாட்டிக்கும். பெல்ட் பக்கிளயும் சட்டைய இன் பண்றதையும் ரெண்டாவது டெர்ம் வரைக்கும் நீங்களே பண்ணி விட்டுடுங்க, அதுவும் பெல்ட்ட இறுக்காம, பாத்ரூம்ல டவுசரோட சேந்து கீழ இறங்கற அளவுக்கு லூசா. பையில ஒரு மாத்துத் துணி செட் கண்டிப்பா இருக்கணும், புதுசா ஏதோ வைக்காம வீட்ல தினமும் தானே போட்டுக்கற அந்தப் பழைய எலாஸ்டிக் டவுசரயே வைங்க.